நூர்ஜஹான் அக்கா கையெழுத்துப் போடாத பத்திரம்

மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் இறங்கும்போது நூர்ஜஹான் அக்காவின் மகள் பர்வீன் போன் செய்தாள். "சித்தி, உம்மா மௌத்தாயிட்டாவ." அக்கா இறந்துவிட்டார். தாராவிப் பட்டறையில் அவரோடு கைப்பை தைத்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதிவு அலுவலகத்தில் நடந்ததைக் கண் காது மூக்கு வைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். சாட்சிக் கையெழுத்துக்காகக் கூடப் போனவள் நான்.

செம்பூரில் வீடு வாங்கியபோது அவர் கணவர் காசிம் அண்ணாச்சி பத்திரத்தை அக்கா பெயரில் எழுதினார். அன்பு பொங்கியெல்லாம் இல்லை. பெண் பெயரில் மட்டும் எழுதினால் முத்திரைத் தீர்வையில் அரசு ஒரு சதவீதம் குறைக்கிறது. நம் ஆண்கள் பலரும் செய்வதுதான். "பேருதான அவளுக்கு, வீடு நம்மளுது" என்று அண்ணாச்சி பட்டறையிலேயே சொல்லிச் சிரித்தார். அக்கா தையல் மெஷினை நிறுத்தவில்லை.

பிறகு தம்பியின் வியாபாரத்தில் போடுவதற்காக அண்ணாச்சி அதே வீட்டை விற்கக் கிளம்பினார். அக்கா வேண்டாம் என்று எத்தனை சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் எங்களோடு பதிவு அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பக்கம் அண்ணாச்சியும் தம்பியும், மறுபக்கம் வீட்டை வாங்க வந்தவர். டோக்கன் வந்ததும் அதிகாரி அக்காவைக் கேமரா முன் உட்கார வைத்து, சொந்த விருப்பத்தில்தான் விற்கிறீர்களா என்று இந்தியில் கேட்டார்.

"நஹி, சாப்." இல்லை என்றுவிட்டார் அக்கா.

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. எல்லார் முன்னாலும் அடித்துவிடுவாரோ என்று பயந்தேன். "நூரு, வாங்குற பார்ட்டி ஸ்டாம்ப் டூட்டி கட்டியாச்சு. மானத்த வாங்காத, கையெழுத்துப் போடு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "டூட்டிக்கு அர்ஜி எழுதிப் போட்டா சர்க்கார் திருப்பிக் குடுக்கும். வீடு போச்சுன்னா நா எங்க போயி அர்ஜி போட?"

அதிகாரி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி அன்றே தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். புருஷனைச் சபையில் தலைகுனிய வைத்தவள் என்று தெருவே அக்காவை ஏசியது. உங்களில் சிலரும் ஏசினீர்கள், எனக்கு மறக்கவில்லை. அவர் தைத்துக்கொண்டே இருந்தார். "கோவம் தீந்தா வருவாவ" என்று என்னிடம் மட்டும் சொல்வார். வராமலே போய்விட்டால் என்ற பயம் அவருக்கு இருந்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

ஒரு மழை நாளில் நான் செம்பூர் வீட்டில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. அக்கா கதவைத் திறந்தார். அண்ணாச்சி நனைந்து நின்றார், கையில் துணிப்பை. உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"பெல்லு எதுக்கு அடிக்கிய? ஒங்க வீடுதான, உள்ள வாங்க" என்றார் அக்கா.

அதிகாரி முன்னால் மறுத்த அக்காவைப் பற்றி இனியும் பேசுவீர்கள், பேசுங்கள். எனக்குக் கதவைத் திறந்த அக்கா போதும்.