சகடையை விட்டுவிட்டேன்

போன வாரப் பத்தி பலருக்குப் பிடித்திருந்தது. போன் எடுத்துச் சிரித்தீர்கள். இரண்டாம் உலகப் போரின் அவலட்சண விமானங்களை வரிசையில் நிறுத்தி நக்கலடித்திருந்தேன் அல்லவா? ஒன்றில் எஞ்சின் ஒரு பக்கம், விமானி மறுபக்கம். இன்னொன்று படு மந்தம். அதற்கு நான் எழுதிய வரி: ‘இது வந்து குண்டு போடுவதற்குள் சோறு வடித்துவிடலாம்.’

என் வரியை நானே நாலு தரம் வாசித்து ரசித்தேன் — அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை நயினாதீவுப் படகில் பக்கத்தில் ஒரு பெண். மடத்துவெளி என்ற ஊர்க்காரி. ஐம்பது வயதிருக்கும். காலடியில் அரிசிப் பை.

“அண்ணை, நீங்கள்தானே பேப்பரிலை பிளேனைப் பற்றி எழுதினது?”

“ஓம்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாராட்டு வரும்போது கூனியா இருப்பது?

“நல்லாச் சிரிச்சனான். ஆனால் ஒண்டை விட்டிட்டியள்... சகடை.”

சகடை! உலகப் போரில் அல்ல, எங்கள் போரில் வந்தது. சாமான் ஏற்றும் கிழட்டு விமானம். கதவைத் திறந்து குண்டை உருட்டிவிடுவார்கள். எங்கே விழும் என்று உருட்டியவருக்கே தெரியாது. கடகடவென்ற சத்தத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. நானும் அதன் கீழே பதுங்குகுழியில் கிடந்தவன்தான். அவலட்சணம் தேடி ஐரோப்பா வரை போன எனக்கு, அது மட்டும் எப்படி மறந்தது?

“குண்டுக்கார ஜெட் எண்டால் எல்லாரும் ஓடுவம். சகடைக்கு ஆர் ஓடினது? அண்டைக்கு அம்மா பங்கருக்குள்ளை இறங்கினவ, உலை நினைவு வந்து திரும்பவும் குசினிக்குப் போனவ. ‘சகடைதானே, ஆறுதலா வரும். அதுக்குள்ளை சோறு வடிச்சிடலாம்’ எண்டு சிரிச்சுக்கொண்டுதான் போனவ.”

காலடியில் இருந்த அரிசிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

என் வரி! அதே சோறு, அதே சிரிப்பு. கடலைப் பார்த்தபடி இருந்தேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

“அந்த நாள்தான் இண்டைக்கு, அம்மான்ரை திவசம். கோயில் மடத்திலை சோறு குடுக்கப் போறன்.”

“மன்னிச்சுக்கொள்ளும், தங்கச்சி... தெரியாமல் எழுதிப்போட்டன்.”

“சீச்சீ, என்னத்துக்கு? சகடையையும் எழுதுங்கோ. பகிடியாவே எழுதுங்கோ. அம்மா நல்ல பகிடிக்காரி, எல்லாரையும் சிரிக்க வைப்பா.”

படகு கரை தட்டியது. அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

எழுதிவிட்டேன், தங்கச்சி. பகிடிதான் வரவில்லை.