ஜும்மா மணி அடித்தபோது நான் அணைத்த சுவிட்ச்

ஆண்டவர் என் ஜெபத்தில் பாதியைத்தான் கேட்டார். அதைச் சொல்லத்தான் இன்று சபை முன்னால் நிற்கிறேன்.

என் பெயர் எஸ்தர். பாகாயத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். தோலை எந்த வடிவில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைவது என் வேலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையிலேயே கம்ப்யூட்டரில் ஒரு அப்டேட் ஏறி, பாதியில் தகராறு செய்து, தன்னைத்தானே நீக்கிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அணைக்காதே என்று திரையிலேயே எழுதியிருந்தது. அதற்குள் ஜும்மா மணி அடித்துவிட்டது. எங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மணி அடித்தால் எல்லோரும் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள், கடைசியாகப் போகிறவர் அறையின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கள் அறையில் எப்போதும் அது நான்தான், சாவியும் என்னிடம்தான். ஒன்பது வருஷப் பழக்கம். கை தானாகப் போய் அணைத்துவிட்டது. யுபிஎஸ் பேட்டரியும் செத்துக் கிடந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. நீலத் திரை, கறுப்புத் திரை, மறுபடியும் நீலம். நாலு மாத பேட்டர்ன் அதற்குள்தான் இருந்தது. வேறெங்கும் காப்பி இல்லை, என் சோம்பல் அப்படி. மறுநாள் காலை வெளிநாட்டு பார்ட்டிக்கு சாம்பிள் வெட்டியாக வேண்டும்.

மேனேஜர் அஸ்லம் பாய் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் போகும்போது நன்றாகத்தான் இருந்தது என்று கூசாமல் சொன்னேன். வாய் ஓயாத எனக்கு அன்று உண்மை மட்டும் வாயில் வரவில்லை.

லெதர் ஸ்டோருக்குப் போய் தோல் கட்டுகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, கம்ப்யூட்டரை எழுப்பிக் கொடும். நான் செய்தது யாருக்கும் தெரியாமல் காத்துக்கொள்ளும்." இரண்டையும் அழுது அழுது கேட்டேன். சமாதானம் வரவில்லை. நெஞ்சு இன்னும் அடைத்தது.

திரும்பி வந்தபோது டெக்னீஷியன் இம்ரான் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்த மிஷின் தானாகப் போயிருந்தால் டிஸ்க்தான் கெட்டிருக்கும், உள்ளே இருப்பது எப்படியும் வராது, அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் நாளைக்கு மிஷினாவது ஓடும் என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாயும் தலையாட்டிவிட்டார். அண்ணன் கை கீபோர்டுக்குப் போனது. எனக்கு உள்ளே ஏதோ உலுக்கியது. அது என் தைரியம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

"நில்லுங்கண்ணா. நான் பொய் சொல்லிட்டேன். அப்டேட்டு திரும்பிக்கினு இருந்தப்போ நான்தான் மெயினை ஆஃப் பண்ணேன்."

அஸ்லம் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. இம்ரான் அண்ணன்தான் நாற்காலியைத் திருப்பினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அப்போ டிஸ்க் கெடலக்கா. பாதியில நின்னுபோயிருக்கு, அவ்ளோதான்."

ஒரு பென் டிரைவைச் செருகி, அரைகுறையாய் நின்ற அப்டேட்டை நீக்க ஏதேதோ டைப் செய்தார். முதல் தடவை கறுப்புத் திரை. இரண்டாவது தடவையும் அதேதான். ஆனாலும் என் நெஞ்சடைப்பு போய்விட்டிருந்தது. மூன்றாவது தடவை திரை வெளிச்சமானது. பேட்டர்ன் ஒன்றுகூடக் குறையவில்லை. அங்கேயே தேம்பிவிட்டேன்.

பாய் என்னைத் திட்டவில்லை. அறைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை. வலிக்கத்தான் செய்கிறது. இப்போது தினமும் இரண்டு காப்பி எடுக்கிறேன், கேட்டதற்கு உள்ளதைச் சொல்கிறேன்.

பிரியமானவர்களே, என்னை மறைத்துவிடச் சொன்னதை ஆண்டவர் கேட்டிருந்தால், அந்த டிஸ்க் அன்றைக்கே அழிந்திருக்கும். நீங்கள் கேட்டதில் ஏதாவது இன்னும் கிடைக்காமல் இருந்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். உங்களிடம் இருக்கும் உண்மையையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். நான் பயந்துகொண்டேதான் போனேன். அவர் என்னைத் தள்ளவில்லை.