மெக்சிகோவின் இரண்டு கவிஞர்களும் என் அண்ணியும்

நான் தமிழாக்கிய மெக்சிகோக் கவிஞர் சத்தம் போடாதவர். கல், வெயில், தண்ணீர் என்று ஒவ்வொரு சொல்லையும் அரம் போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். என் தோழி எடுத்துக்கொண்டதோ நேரெதிரான ஒருத்தியை. கவிதைக்குள் கடவுளைத் திட்டுவாள், சட்டியை உடைப்பாள், காணாமல் போன மகன் புதைந்திருக்கும் இடம் தேடிப் பாலைவனத்தை இரும்புக்கம்பியால் குத்திக்கொண்டு திரிவாள்.

"உம்மட ஆள் மனிசனோ சிலையோ?" என்று தோழி சீண்டுவாள்.

"உம்மட ஆளுக்கு வாய் ஓயாது" என்பேன்.

லண்டனில் வால்தம்ஸ்டோ மண்டபமொன்றில் இருவரையும் வாசிக்க ஏற்பாடு. அன்று மத்தியானம் தோழி போன் எடுத்தாள். அவள் நர்ஸ், ஷிப்டுக்கு ஆள் இல்லையாம். "என்ர கவிதையையும் நீரே வாசியும். ஏலும்தானே?"

ஓம் என்றுவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. அண்ணியும் வருகிறார். போரின் கடைசியில் காணாமல் போன என் அண்ணனுக்காக இன்றும் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பவர். வீட்டில் படத்துக்கு மாலை கிடையாது, திவசம் கிடையாது. "வருவார்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நானும் "ஓம் அண்ணி" என்பேன். மனதுக்குள் அண்ணனை நான் புதைத்துப் பல காலமாகிவிட்டது. அது தெரிந்தால், கூடக் காத்திருக்க அவருக்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

முதலில் என் கவிஞரை வாசித்தேன். அவருடைய ஒழுங்குக்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது. தோழியின் கவிஞரையும் செய்தி வாசிப்பதுபோல வாசித்துத் தப்பிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். மகனைக் கூப்பிடும் இடம் வந்ததும் அவள் என்னை விடவில்லை. குரல் தன்பாட்டில் இழுபட்டு ஏறி இறங்கியது. நான் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெண்கள் பிணத்தைச் சுற்றியிருந்து மட்டுமே எடுக்கிற இராகம். நிறுத்தத் தெரியவில்லை. அண்ணி இருந்த பக்கம் பார்க்கவும் துணிவில்லை.

கைதட்டினார்கள். அண்டர்கிரவுண்ட் ஸ்டேஷன் வரை அண்ணி எனக்கு முன்னாலேயே நடந்தார். ரயிலில் அருகருகே உட்கார்ந்ததும் நான்தான் உளறினேன். "மெக்சிகோக்காரர் இப்பிடித்தான் வாசிப்பினம், அண்ணி."

"அது எங்கட இராகம், தம்பி."

ரயில் நகர்ந்தது. அவர் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"எப்ப தொட்டு நீர் உம்மட அண்ணை செத்திட்டாரெண்டு நினைக்கிறீர்?"

நான் வாயைத் திறக்குமுன் எழும்பி, பெட்டியின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தார். அவர் பின்னால் போக எனக்குப் பயமாக இருந்தது.