டெய்லர் ஐயாவுக்கு எந்த சீட்?

கொக்கியை மாட்டி, பட்டையை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்து, இறுக்கம் சரிதானா என்று விரலை நுழைத்துப் பார்த்தாள் ஸ்டியரிங் அக்கா. சக்கர நாற்காலியில் இருந்த டீச்சரம்மா முகத்தைச் சுளித்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போறியா, மூட்டை கட்டுறியா?"

"ரெண்டும்தான்மா. கையை உள்ள வைங்க."

முதியோர் பகல் பராமரிப்பு மையத்தின் வேன் அது. காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி வருவதும் சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் அக்காவின் வேலை. அதற்கு முன் அதே மையத்தில் பராமரிப்பாளராக இருந்தவள். குளிப்பாட்டியிருக்கிறாள், ஊட்டியிருக்கிறாள், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்டிருக்கிறாள். பழைய டிரைவர் போனில் பேசிக்கொண்டே ஓட்டி வேலையை இழந்தபோது, "நான் ஓட்டுறேன்" என்று முன்வந்தாள். "சைக்கிள்லயே சுவத்தைத் தேடிப் போய் மோதுறவ நீ" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் வாயை அடைப்பதற்காகவே முதல் முயற்சியில் லைசென்ஸ் வாங்கி வந்தாள்.

போன் விஷயத்தில் அவள் நெருப்பு. வண்டியில் ஏறியதும் அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். வானமே இடிந்து விழுந்தாலும், வண்டி நின்ற பிறகுதான் எடுப்பாள்.

வினை வேறு பக்கமாக வந்தது. அவளுக்கு நேர் பின்சீட்டில் உட்காருபவர் டெய்லர் ஐயா. காது சுத்தமாகக் கேட்காது. எதிராளியின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். கேள்விக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. இப்படிப்பட்டவர்களிடம் முகத்தை நேராகக் காட்டி நிதானமாகப் பேச வேண்டும் என்று பராமரிப்புப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது அக்காவுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வண்டி ஓட்டும்போதும் அப்படியே செய்தாள்.

அன்று ஐயா அவள் தோளைத் தட்டினார். "இன்னிக்கு டாக்டர் வர்றாரா?"

திரும்பி, "நாளைக்கு" என்றாள். அவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி திரும்பி, உதட்டை நன்றாக விரித்து, "நா...ளை..." என்று தொடங்கினாள். சொல் முடிவதற்குள், சிக்னலில் நின்ற காரின் பின்புறத்தில் வேன் 'டம்' என்று முட்டியது.

எல்லோருக்கும் பட்டை மாட்டியிருந்ததால் அடி இல்லை. டீச்சரம்மாவின் பல்செட் மட்டும் கழன்று மடியில் விழுந்தது. கார்க்காரர் பாய்ந்து வந்தார். "போன் பேசிக்கிட்டுத்தானே ஓட்டினீங்க?" அக்கா அணைத்துக் கிடந்த போனை எடுத்து நீட்டினாள். மனிதர் சுருதி குறைந்து, நெளிந்த பம்பரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

மையத்தில் மேனேஜர் அம்மா காத்திருந்தார். "போன் இல்லைன்னா எப்படி முட்டுச்சு? பிரேக்கா?"

ஆமாம் என்றால் அத்தோடு போயிற்று. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாளைக்கும் ஐயா தோளைத் தட்டுவார், இவளும் திரும்புவாள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கும்மா. என் கழுத்துதான் சரியில்ல" என்று நடந்ததைச் சொன்னாள்.

"கண்ணு ரோட்டுல இருக்கணும்னுதானே போன் கூடாதுன்னு விதி போட்டோம்? போனை மூட்டைகட்டி வெச்சுட்டு, அதே வேலையை ஐயாவை வெச்சுப் பண்ணியிருக்க. அவர் இனிமே வேன்ல வேண்டாம். பையனே கொண்டுவந்து விடட்டும்."

"பையனுக்கு விடியறதுக்கு முன்னாடியே ஷிஃப்ட்டும்மா. வேன் இல்லைன்னா ஐயாவை வீட்டுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் போவார்."

மேனேஜர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்கு நானும் கூட வர்றேன். நீ ஒரு தடவை திரும்பினாலும் ஐயா சீட்டு போச்சு."

சாயங்காலம் ஐயாவைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அவர் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தி, இறங்கி வந்து, அவர் எதிரில் குந்தினாள்.

"இனிமே வண்டி ஓடும்போது உங்ககூட பேசமாட்டேன் ஐயா."

"ஏன், கோபமா?"

"உங்களைப் பார்த்தா ரோட்டைப் பார்க்க முடியல. இன்னிக்கு முட்டினது அதனாலதான்."

"நான் என்ன சினிமா நடிகனா, நீ திரும்பித் திரும்பிப் பார்க்க?"

"விளையாடாதீங்க. நாளைக்கு நான் திரும்பினா உங்களுக்கு வேன் கிடையாது. வீட்டுக்குள்ளதான்."

ஐயாவின் சிரிப்பு அடங்கியது. "நாள் பூரா சுவத்தோடயா பேசுறது?"

"ஆமா." அவள் பூசி மெழுகவில்லை. "கடைசி சீட்டுக்குப் போயிடுங்க. அங்கேருந்து என் தோள் எட்டாது."

"அங்க எலும்பெல்லாம் கழண்டுரும். பத்தாததுக்கு டீச்சர் வேற பக்கத்துல."

"யோசிச்சு வைங்க."

ஐயா இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை மேனேஜர் அம்மா முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயா ஏறினார். பழைய சீட்டின் முதுகைப் பிடித்தபடி சற்று நின்றார். பிறகு முனகிக்கொண்டே கடைசி சீட்டுக்குப் போனார். அக்கா பட்டையை மாட்டிவிட்டு வந்து வண்டியை எடுத்தாள்.

இரண்டு தெரு தாண்டியதுமே பின்னாலிருந்து குரல் வெடித்தது. "டாக்டர் இன்னிக்குத்தானே?"

அக்காவின் கழுத்து நமநமத்தது. மேனேஜர் அம்மா அவளையே பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"யாராவது வாயைத் திறங்களேன்!"

அக்கா இண்டிகேட்டரைப் போட்டு ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து அவர் எதிரில் நின்றாள். "ஆமா, இன்னிக்குத்தான். மிச்சமெல்லாம் போய்ச் சேர்ந்ததும் கேளுங்க."

ஐயா தலையாட்டினார்.

"இப்படி நின்னு நின்னு போனா மத்தியானம் ஆயிடும்" என்றார் மேனேஜர் அம்மா.

"நிக்கிறது விதிக்கு விரோதமாம்மா?"

"இல்ல. போ."

அடுத்த வேகத்தடையில் ஐயா ஒரு சாண் எழும்பி விழுந்தார். வாயைத் திறக்கவில்லை. பிடிக்க எதுவும் இல்லாமல் அவர் கைகள் காற்றைத் துழாவியதை, முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தவர் மேனேஜர் அம்மாதான். மையத்தில் இறங்கியதும் அவர் வேன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "கடைசி சீட்டுக்குப் பக்கத்துல ஒரு கைப்பிடி வேணும். இன்னிக்கே."

எல்லோரையும் இறக்கிவிட்டு, ஐயாவை மட்டும் அந்த சீட்டிலேயே உட்கார வைத்தாள் அக்கா. எதிரில் குந்தி, "கையை நீட்டுங்க, எதுவரைக்கும் எட்டுதுன்னு பார்ப்போம்" என்றாள். எட்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.