சான்று போய்விடும் என்று திருத்தாமல் விட்ட பெட்டி

இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். இன்று எழுதிவிடுகிறேன்.

சூடாக்கிய பிசினின் மணம்தான் முதலில் வருகிறது... நாங்கள் வேலை செய்த சுவிஸ் நிறுவனம், கணினித் தகவல்களைப் பூட்டி அனுப்பும் சிறிய இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்தது. உள்ளே யாரும் கைவைக்க முடியாதபடி கறுப்புப் பிசின் ஊற்றி மூடுவோம். உடைக்க முடிகிறதா என்று பார்க்க, பரிசோதனைக் கூடத்தில் அதைச் சூடாக்கி உரிப்பார்கள். அந்த மணம் போட்டிருக்கும் கோட்டில் ஏறினால் இலேசில் போகாது. ரயிலில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனதும் உண்டு.

அந்த நாளில் அப்படிச் சோதித்துச் சான்று தரும் அலுவலகம் சுவிஸில் இருக்கவில்லை. ஜெர்மனியில் விற்க ஜெர்மன் சான்று, பிரான்சில் விற்க பிரெஞ்சுச் சான்று. ஒரு பாதுகாப்பு மட்டம் வரை ஒருவர் தந்ததை மற்றவர் ஏற்பார்கள். எங்கள் பெட்டி அந்த மட்டத்துக்கு மேலே.

ஆகவே எல்லை நகரமான பாசலின் ரயில் நிலையத்தில் ஒரு கிழமை ஜெர்மன் ரயில், மறு கிழமை பிரெஞ்சு ரயில். சோதிக்கும் ஜெர்மன்காரர், பெட்டிக்குள் ஓடும் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பார். பிரெஞ்சுக்காரர் விளக்கத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு நேரே உடைக்கத் தொடங்குவார். எனக்கு இருவரையும் பிடித்திருந்தது.

என்னோடு அலைந்தவன் குகன். உண்மைப் பெயர் அதுவல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பு. அவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

ஜெர்மன் சான்று கைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு வேலை பாதி நடந்திருந்தது. அப்போதுதான் அந்த ஓட்டையைக் கண்டேன். மூடியைத் திறந்தால் பெட்டி தன் ரகசியச் சாவிகளை உடனே அழித்துவிட வேண்டும். ஒரு விதமாகத் திறந்தால் அழிக்கவில்லை. திருத்துவது சிறிய வேலை. ஆனால் சான்று, சோதித்த அந்தப் பதிப்புக்கு மட்டுமே. ஒரு வரியை மாற்றினாலும் அவர்கள் கணக்கில் அது வேறு பெட்டி. இரண்டு நாட்டிலும் மறுபடி வாசலில் நிற்க வேண்டும்.

“மச்சான், இப்ப இதைக் கிண்டாதை,” என்றான் குகன். “பிரெஞ்சுக்காரன்ர பேப்பரும் வரட்டும்.”

“அதுவரைக்கும் ஓட்டையோட விக்கிறதோ?”

“சான்று இருக்கிற ஓட்டைப் பெட்டி விலைப்படும். சான்று இல்லாத நல்ல பெட்டி ஸ்டோர்ல கிடக்கும். உனக்கு எது வேணும்?”

சிரிப்பு வந்தது. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மேலதிகாரி குகனைப் பார்த்தார். ஜெர்மன் மொழியில், அமைதியாக, “அந்த ஓட்டை வெறும் கோட்பாட்டளவில்தான்,” என்றான் அவன்.

பிரெஞ்சுச் சான்றும் வந்தது. பெட்டி அப்படியே விற்பனைக்குப் போனது. பழுதுபார்க்கும் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். சான்றுப் பிரிவுக்குக் குகன் பொறுப்பு. கொஞ்சக் காலத்தில் நான் விலகினேன். என் வீட்டு விசேஷம் எதற்கும் அவனை அழைக்கவில்லை. அவன் அதைக் கவனித்தானோ தெரியாது.

இப்போது ஐரோப்பாவுக்கே பொதுவான ஒரு முறை வந்துவிட்டது. ஒரு நாட்டில் பெற்ற சான்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் செல்லும். பிறகு ஓட்டை தெரிந்தால் செய்தவர் அறிவிக்க வேண்டும், திருத்த வேண்டும். அதற்கு வழியும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. நல்ல விதி. நான் அன்று கேட்டதும் இதைத்தான்.

அண்மையில் சுவிஸில் ஒரு கோயில் மண்டபத்தில், இளம் பிள்ளைகளுக்கு இதைப் பற்றிக் குகன் பேசினான். நானும் போயிருந்தேன். இங்கே பிறந்த மாணவி ஒருத்தி கேட்டாள்:

“அங்கிள், முந்தி ஓட்டை கண்டுபிடிச்சா என்ன செய்வீங்கள்?”

“உடன திருத்துவம் பிள்ளை. அது எங்கட பழக்கம்.” என் பக்கம் கையைக் காட்டினான். “இந்த அங்கிளும் அப்ப எங்களோட இருந்தவர்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன் சண்டை வேண்டாம் என்று கோப்பியைக் குடித்தேன். பிறகு வாகனத் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தேன்.

“பழைய பெட்டியெல்லாம் திருப்பி எடுத்தாச்சோ?”

“அநேகமா ஓம். ஒண்டு ரெண்டு எங்கையாவது ஓடிக்கொண்டிருக்கும்.”

“வைச்சிருக்கிற ஆக்களுக்குச் சொல்லியாச்சோ?”

“அது பழைய சான்று மச்சான். புது விதி அதுகளுக்குச் செல்லாது.” கார்க் கதவைத் திறந்தான். “நீ இன்னும் அதிலேயே நிக்கிறாய் என்ன?”

ஓம். அதிலேயேதான் நிற்கிறேன்.

அன்று இரண்டு நாட்டுக்கு அலைந்தோம், ஒரு வரியைத் திருத்த முடியவில்லை. இன்று அலைச்சலும் இல்லை, திருத்தவும் வழி இருக்கிறது. அந்த மாணவி படித்து முடித்து வரும்போது, என்னைப் போலக் கூட்டத்தில் தனியாக நிற்கத் தேவையிருக்காது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்... கொஞ்சம் பொறாமையும்.

அந்த ஓட்டையைக் கண்டவன் நான் என்று நாலு பேர் அறிய வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் பெயரைப் போட்டால் நிறுவனம் தெரியும், நிறுவனம் தெரிந்தால் பெட்டி தெரியும். திறக்க நினைப்பவனுக்கு அது போதும். குகன் சொன்ன அந்த ஒன்றிரண்டும் இன்னும் யாருடைய ரகசியத்தையோ காத்துக்கொண்டு எங்கோ ஓடுகின்றன.

பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.