ஜாசிப்பின் காதும் உம்மு ஹாதியின் வாத்துகளும்

அபு அல்-கசீப் ஊரில் போய் ஜாசிப் வீடு எது என்று கேட்டால் ஒன்பது வீட்டைக் காட்டுவார்கள். அபூ ஃபில்டர் வீடு எது என்று கேட்டால் கேள்வி முடிவதற்குள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவருக்கு நான்கு பெண்கள். மூத்தவள் பெயரை வைத்து அபூ ஸுஆத், அதாவது ஸுஆதின் தகப்பன், என்று கூப்பிடுவதுதான் மரியாதை. ஆனால் பதினாறு வருடமாக ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தோடு குடித்தனம் நடத்துகிற மனிதரை வேறு எதன் தகப்பன் என்பது? "மகன் எப்படியிருக்கான்?" என்று தெருவில் யாராவது கேட்டால், "காலையில மணல் தொட்டியைத் திருப்பிக் கழுவினேன், இப்போ அவனுக்கு வயிறு லேசாயிடுச்சு" என்று முகம் மாறாமல் பதில் சொல்வார்.

நிலையம் பெரிதல்ல. ஆற்றுத் தண்ணீர் மணலைத் தாண்டி, கரியைத் தாண்டி, நூல் சுற்றிய வடிகட்டியைத் தாண்டி வரும். பிறகு ஒரு முரட்டு பம்பு அதன் கழுத்தைப் பிடித்து நாலு நீள வெள்ளைக் குழாய்களுக்குள் தள்ளும். உள்ளே சுருட்டி வைத்த சவ்வு. பாதித் தண்ணீர் சவ்வைக் கடந்து இனிப்பாக வெளியே வரும். மீதிப் பாதி, ஊர் உப்பையெல்லாம் தலையில் சுமந்துகொண்டு கழிவுக் குழாய் வழியாக வாய்க்காலுக்குப் போகும். கழிவு எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் கண்ணாடி பாசி பிடித்துப் பச்சையாகி ஏழு வருடம் ஆயிற்று. உப்பு அளக்கும் மீட்டர் பாட்டரி செத்து ஆணியில் தொங்கியது. ஜாசிப்புக்கு இரண்டும் வேண்டாம். கழிவுக் குழாயில் காதை வைப்பார். "நல்லாப் பாடுறான்" என்பார். அவ்வளவுதான் சோதனை. ஃபாவ் பக்கம் ஆற்றுக்குள் கடல் ஏறுவதை இங்கிருந்தே கேட்டுவிடுவேன் என்றும் ஒரு முறை சொன்னார். அன்று யாரும் சிரிக்காததால் மறுநாள் கடலோடு மீனும் கேட்டது.

நிலையத்தின் சொந்தக்காரர் ஹாஜி முஹன்னா. கையில் எப்போதும் தஸ்பீஹ் மணிமாலை. டிக் டிக் என்று மணி உருளும் சத்தம் முதலில் வரும், ஹாஜி பின்னால் வருவார். தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நின்றே இளமையைக் கழித்தவர். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு வலிக்கும்.

"பாதித் தண்ணியைச் சாக்கடைக்குக் குடுக்கிறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"ஹாஜி, அது தண்ணியில்ல, உப்பு ஏறிப் போற வண்டி. வண்டியை நிறுத்தினா உப்பு எங்க இறங்கும்? நம்ம சவ்வு மேலதான்."

"எனக்கே பாடமா?" டிக் டிக் டிக்.

ஆகஸ்டு பிறந்தது. ஒரு நாள் மதியம் ஜாசிப்பின் மனைவி நஷ்மியா இஸ்திகான் என்ற சின்னக் கண்ணாடிக் குவளையில் டீயை ஊற்றி எதிரே வைத்தாள். மாதுளைச் சாறுபோல் தெளிந்திருக்க வேண்டிய டீ, குட்டை போல் கறுத்து, மேலே ஆடை கட்டியிருந்தது.

"என்ன இது?"

"உங்க தண்ணி. குடிச்சுப் பாருங்க. கடல் மீனைப் போட்டா நீந்தும்."

தெரு முழுக்க அதே தீர்ப்பு. பரிசோதனைக்கூடம் சொன்னால் இந்த ஊர் வாதாடும்; டீ சொன்னால் வாதாடாது. வெள்ளிக்கிழமைக்கு ஐந்தே நாள். அன்றுதான் கர்பலாவுக்கு நடக்கும் யாத்திரிகர்கள் ஃபாவிலிருந்து இந்த வழியாக வருவார்கள். சாலையோரத்தில் ஹாஜியின் கூடாரம் அவர்களுக்கு டீ கொடுக்கும்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தக் கூடாரத்து டீயைக் குடிச்சு ஒருத்தன் முகம் சுளிச்சதில்ல," என்றார் ஹாஜி. "இந்த வருஷம் சுளிச்சான்னா சாவியை வச்சிட்டுப் போயிடு. என் தங்கச்சி மகன் இருக்கான். சர்டிபிகேட்டும் இருக்கு."

ஜாசிப் வடிகட்டிகளை மாற்றினார். மணலைக் கழுவினார், கரியைக் கழுவினார், தன் முகத்தையும் கழுவினார். அழுத்தம் காட்டும் முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது, டீ தெளியவில்லை. குழாயில் காதை வைத்தார். நேற்றுப் பாடிய அதே பாட்டு.

மறுநாள் காலை நிலையத்துக்குள் ஏழு வாத்துகள் வரிசையாக நுழைந்தன. பின்னால் கம்போடு பக்கத்து வீட்டு உம்மு ஹாதி.

"அபூ ஃபில்டர்! வாய்க்கால்ல கணுக்கால் அளவுக்குக்கூட தண்ணி இல்ல. என் வாத்துங்க நடந்தே பொழுதைக் கழிக்குது. யார் வீட்டுக்குத் திருப்பி விட்டே?"

"அப்படியேதான் ஓடுது உம்மா. இப்பத்தான் காதால கேட்டேன்."

"உன் காதுலயா என் வாத்து நீந்தும்?"

ஜாசிப் வாய்க்காலை எட்டிப் பார்த்தார். வாத்துகள் சொன்னது நிஜம். ஓடிவந்து கழிவு வால்வைத் திருகிப் பார்த்தார். மூன்று சுற்று திறந்திருக்க வேண்டியது ஒரு சுற்றுகூட இல்லை. யாரோ தினம் ஒரு மயிரிழை மூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பாட்டு தேய்ந்துகொண்டே வர, காதும் அதற்குப் பழகிக்கொண்டே வந்திருக்கிறது. பதினாறு வருடப் பெருமை ஏழு வாத்துகளின் முன்னால் கவிழ்ந்தது.

வால்வைத் திறந்து வைத்தார். எதிர்த்தெருப் போட்டி நிலையத்துக்காரன் வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். வீட்டிலிருந்து பேரீச்சம்பாகைக் கொண்டுவந்து கைப்பிடியின் அடியில் தாராளமாகப் பூசிவிட்டு, மதியத் தூக்கத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பாகில் நாலு விரல் தடம்.

சாயங்காலம் கூடாரத்துக்குக் கம்பு நடும் இடத்தில் ஊரே கூடியிருந்தது. ஜாசிப் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்குப் பின்னும் தன் உள்ளங்கையை மோந்தார். எதிர்த்தெருக்காரன் கையில் வெங்காய வாசனைதான் வந்தது.

"என்னய்யா, பெருநாள் மாதிரி கை குடுக்கிறே, நாய் மாதிரி மோந்து பாக்கிறே?" என்றான் அவன்.

முப்பத்தெட்டுக் கை முடிந்தது. அப்போதுதான் ஜாசிப்பின் காதில் ஒன்று உறைத்தது. கேட்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லை. டிக் டிக் இல்லை. மெதுவாகத் திரும்பினார். ஹாஜி நாற்காலியில் அமர்ந்திருந்தார். தஸ்பீஹ் ஒரே கட்டியாக ஒட்டி, விரல்களுக்கு நடுவே பேரீச்சம்பழக் கொத்துபோல் தொங்கியது. அதைச் சுற்றி இரண்டு குளவிகள்.

ஜாசிப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஹாஜி, இந்த வருஷம் பாகு ரொம்ப நல்லா இருக்கு இல்ல?"

ஹாஜி குளவியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "அந்த உப்பு வண்டியை நிறுத்தினா... எங்க இறங்கும்னு சொன்னே?" என்றார்.

"சவ்வு மேல. சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிடும்."

"கழுவ முடியுமா?"

"எலுமிச்சை உப்பு ஒரு மூட்டை வேணும். ரெண்டு நாள் வேணும்."

ஹாஜி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே எவனாவது அந்த வால்வைத் தொட்டான்னா கையை ஒடிச்சிடுவேன்!" என்று கையை உயர்த்தினார். மாலை ஒட்டிக்கொண்டு கூடவே உயர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கம்பு நடுபவர்கள் திடீரென்று மிகுந்த கவனத்தோடு கம்பு நட்டார்கள்.

கடைகளில் ஒரு மூட்டை தேறவில்லை. ஊர்ச் சமையலறைகளில் இருந்த எலுமிச்சை உப்பெல்லாம் நிலையத்துக்கு வந்தது. இரண்டு நாள் எந்த வீட்டுக் குழம்பிலும் புளிப்பில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நாலு குழாய்களுக்குள்ளும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, ஊறவிட்டு, மறுபடி ஓடவிட்டார் ஜாசிப். வெளியே வந்தது வெள்ளைக் கஞ்சி. பிறகு நல்ல தண்ணீரால் அரை நாள் அலசிக் கொட்டினார். நஷ்மியா மீட்டருக்குப் புது பாட்டரி வாங்கி வந்து, "காதுக்கு ஒரு துணை" என்று அவர் கையில் வைத்தாள். முள் இறங்கியது, மீட்டரில் எண்ணும் இறங்கியது.

வெள்ளிக்கிழமை. கூடாரத்தில் முதல் இஸ்திகானை வாங்கியவர் ஃபாவ் மீனவர் ஒருவர்; புழுதி படிந்த பாதம், வெயில் தின்ற முகம். ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுளித்தார்.

ஹாஜியின் மணி நின்றது. ஜாசிப்பின் கை, பையில் இருந்த சாவிக்குப் போனது.

"சர்க்கரை போதாது," என்றார் மீனவர். "மத்தபடி டீ மாதுளை."

"சர்க்கரை என் இலாகா இல்ல!" என்று ஜாசிப் போட்ட கூச்சலில் வாத்துகள் வாய்க்காலில் இருந்து எழும்பி மறுபடி விழுந்தன. அந்த அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

ஹாஜி தஸ்பீஹை மூன்று முறை கழுவினார். ஆனாலும் ஒரே ஒரு மணி இன்னும் நூலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிக் டிக் டிக், பிறகு ஒரு சின்ன மௌனம், மறுபடி டிக். அந்த மௌனம் நிலையத்துப் பக்கம் நெருங்கினால், ஜாசிப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வால்வின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.