கேரட் கடிக்கும் சத்தம்

அக்கா வேலை பார்த்த அறை அதற்கு முன்பு எங்கள் வீட்டில் துணி மடித்து வைக்கும் அறையாக இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு மேசை, சக்கரம் இல்லாத ஒரு நாற்காலி, சுவரை மறைத்துப் பூவேலை எதுவும் இல்லாத சாம்பல் நிறத் திரைச்சீலை. தரையில் வெள்ளை டேப்பால் ஒரு கட்டம் ஒட்டியிருந்தாள். அதற்குள் நின்றால் கேமராவில் முழு ஆளாகத் தெரிவாள்; ஓர் எட்டு முன்னே வந்தால் தலை காணாமல் போய்விடும். வேலை நேரத்தில் எப்போதும் பச்சைச் சட்டைதான். ஒரே மாதிரி சட்டைகளை மொத்தமாக வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க அக்காவுக்கு வேற சட்டையே இல்லையா, பாவம்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பசங்க என்னைப் பாக்கணும்டி, என் சட்டையைப் பாக்கக் கூடாது" என்பது அக்காவின் விளக்கம்.

முதலில் அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முழங்கால் கெட்டுப்போனதும் அந்த வேலையை விட்டாள். பிறகு அஞ்சல் வழியில் இன்னொரு படிப்பு படித்து, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் சேர்ந்தாள். அந்த மையத்தை அவள் நேரில் போய்ப் பார்த்தது ஒரே ஒரு தடவை. குழந்தைகள் எங்கெங்கோ இருந்தார்கள். திரை வழியாக அவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டும். என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிட வைப்பது என்று வீட்டாரோடு பேச வேண்டும். சுவரைத் தள்ளுவது, முதுகில் தலையணையோடு தவழ்வது, சுருட்டிய காலுறையை வாளிக்குள் வீசுவது என்று வீட்டில் இருப்பதை வைத்தே பயிற்சி. கீழ்த்தளத்துக்காரர் மேலே யாரோ மாவரைக்கிறார்கள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். அது அக்கா குதிக்க முடியாமல் காலால் தட்டிக் கணக்குச் சொன்ன சத்தம்.

மையம் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. பயிற்சி தருபவர் குழந்தையிடம் ஒட்டிக்கொள்ளக் கூடாது. சொல்லித்தருவது வீட்டாருக்கு, செய்ய வைப்பது வீட்டார். அக்காவும் மற்ற வீடுகளில் அப்படித்தான் நடந்துகொண்டாள். ஒரு வீட்டில் மட்டும் பிசகிவிட்டது.

அந்த வீட்டில் எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பா பஸ் டிரைவர். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். குழந்தை எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் வைக்கும். ரொட்டியில் ஊசிமுனை அளவு பழுப்பு இருந்தாலும் தட்டு திரும்பிவிடும். அதனால் அப்பா வைத்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா. ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி, எதுவும் கலக்காத சோறு, ஒரே ஒரு குவளையில் மட்டும் பால். அவ்வளவுதான் அவள் உணவு. அதிலும் ரொட்டி கம்பெனிக்காரன் உறையின் நிறத்தை மாற்றியதிலிருந்து ரொட்டியும் நின்றுபோயிருந்தது.

"அடுத்த தடவை வரும்போது எடை ஏறலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார் டீச்சர்" என்றாள் அம்மா, முதல் அழைப்பிலேயே. "சட்டைக் கழுத்துல தைச்சிருக்கிற துண்டுத் துணியையே பொறுத்துக்க மாட்டா. மூக்குல குழாய் வச்சா என்ன ஆவான்னு நினைச்சாலே எனக்குக் கை கால் ஓடலை."

"இப்பவே குழாயைப் பத்தி நினைக்காதம்மா" என்றாள் அக்கா. "முதல்ல உன் பொண்ணு என்னைப் பாக்கட்டும்."

அவள் பார்க்கவில்லை. பயிற்சியெல்லாம் செய்தாள், காலுறை வீசுவதில் குறி தப்பாது. ஆனால் திரைப் பக்கம் மட்டும் திரும்ப மாட்டாள். அக்காவுக்கு அவள் வைத்த பெயர் செவ்வகம். "செவ்வகம் வந்தாச்சு" என்பாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

அக்காவுக்கு ஒருநாள் அடுத்தடுத்து அழைப்புகள், சாப்பிட நேரமில்லை. குழந்தையின் அம்மா சார்ஜர் தேடப் போன இடைவெளியில் மேசைமேல் இருந்த வேகவைக்காத கேரட்டை எடுத்துக் கடித்தாள். மைக்கை அணைக்க மறந்திருந்தாள். அந்தப் பக்கம் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை நின்றது. எழுந்து வந்து போனில் காதை வைத்தது. அக்கா இன்னொரு கடி கடித்தாள். குழந்தை காதை எடுத்துவிட்டு அக்காவின் வாயைப் பார்த்தது. திரும்பவும் காது, திரும்பவும் வாய். சார்ஜரோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வீட்டுல கேரட் இருக்கா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள். "கையில குடுக்காத. பக்கத்துல வச்சிட்டுத் தள்ளிப் போயிடு."

ஒரு வாரம் தொட்டாள், மோந்தாள், நக்கினாள். பிறகு கடித்தாள். அப்புறம் மொறுமொறுவென்று சத்தம் வரும் எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. மையத்தின் உணவு ஆலோசகர் அதற்கேற்ப ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார்: வெண்ணெய் தடவி முறுக வாட்டிய ரொட்டி, கெட்டி பிஸ்கட், வறுத்த கடலை, ஆப்பிள். சாயங்காலமும் ராத்திரியும் அக்கா திரையில் உட்கார்ந்து அதையே தின்றாள். அவள் கடித்தால் குழந்தை கடிக்கும்; அவள் நிறுத்தினால் குழந்தையும் நிறுத்திவிடும்.

"சாப்பாட்டு நேரம் வந்தா எங்க வீடு மரக்கடை மாதிரி இருக்கு டீச்சர்" என்றார் டிரைவர். "ரெண்டு பேரும் சேந்து அறுக்கிறீங்க. நான் வெளியில போய் உக்காந்துக்கிறேன்."

எடை கொஞ்சம் ஏறியது. டாக்டர் குழாய் பேச்சை அடுத்த சோதனைவரை தள்ளிவைத்தார். அன்று அக்கா பச்சைச் சட்டையைத் துவைத்துப் போடும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

தப்பு எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பக்கம் புயலில் இரண்டு நாள் போன் இணைப்பு இல்லை. இணைப்பு வந்ததும் அம்மா கூப்பிட்டாள்.

"தட்டை முன்னால வச்சுக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா டீச்சர். 'செவ்வகம், செவ்வகம்'னு. பாலைத் தவிர ஒண்ணும் உள்ள போகலை. ஸ்கூல்லயும் குடுக்கிற எதையும் தொடுறதே இல்லையாம். இத்தனை நாளா எங்கிட்ட சொல்லவே இல்லை அவங்க."

"தப்பு என்னுதும்மா" என்றாள் அக்கா. "நான் அவ தட்டுல ஒரு பதார்த்தம் மாதிரி ஆயிட்டேன்."

அதே மாதத்தில்தான் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மற்ற குழந்தைகளை மையம் வேறு ஆட்களிடம் பிரித்துக் கொடுத்தது. இவளை மட்டும் அக்கா விடவில்லை. இப்போது விட்டால் எடை இறங்கும், குழாய் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டாரிடம் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைமுடி கொட்டுவதற்கு முன்பே ஒட்ட வெட்டிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரம்மா தலையைப் பார்த்துவிட்டு, "புல் வெட்டியாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

முடி ஒரு பிரச்சினையே இல்லை. வாய்தான் பிரச்சினை. மருந்தின் சூட்டில் உதடு முதல் தொண்டைவரை புண். தண்ணீர் குடிக்கவே கண் கலங்கும். ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொல்லித்தந்தவளுக்கு நான் கஞ்சியை ஆற்றி வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேரட்டையும் கடித்தாள். ஒருநாள் கேரட்டில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"வேகவச்சுக் குடுக்கிறேன், சும்மா மெல்லு" என்றேன்.

"வெந்த கேரட்ல சத்தம் ஏதுடி? காதுல விழுந்தாத்தான் அவ கடிப்பா."

"அப்ப சத்தத்தை நான் போடுறேன். நீ வாயை மட்டும் அசை."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மேசைக்கடியில் மைக்கோடு உட்கார்ந்துகொண்டேன். மேலே அக்கா ஒரு கேரட்டை உதட்டருகே கொண்டுபோவாள். கீழே நான் கடிப்பேன். முதல் கடி சரியாக விழுந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் எனக்குப் புரையேறிவிட்டது.

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. போனை யாரோ தூக்குவது கேட்டது.

"வேற வாய்" என்றாள் குழந்தை.

"இல்லடா கண்ணு, டீச்சர்தான்" என்று அவள் அம்மா பதறினாள்.

"வேற வாய்."

அக்கா கேரட்டைக் கீழே வைத்தாள். "சரியாக் கண்டுபிடிச்சே. என் வாய்ல புண்ணு. கடிக்கிறது என் தங்கச்சி. ஏய், மேல வா."

தலையெல்லாம் தூசியோடு, கையில் பாதிக் கேரட்டோடு நான் மேசைக்கடியிலிருந்து எழுந்தேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வாயைத் திற."

திறந்தேன். நன்றாகப் பார்த்தாள்.

"கடி."

கடித்தேன். அவளும் கடித்தாள். தட்டில் இருந்தது முழுவதும் தீரும்வரை நானும் அவளுமாக முறைத்துக்கொண்டே கடித்தோம்.

அழைப்பு முடிந்ததும், மாட்டிக்கொண்டோமே என்று நான் தலையில் கைவைத்தேன். அக்காவின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"வேற வாய்னு தெரிஞ்சும் சாப்பிட்டாளே, கவனிச்சியா? அவளுக்கு நான் வேணாம்டி. சத்தம் எந்த வாயிலேருந்து வருதோ அந்த வாய் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

மறுநாள் அந்த அம்மாவிடம், அதுவரை யாருமே கேட்டிராத கேள்வி ஒன்றைக் கேட்டாள். "நீ எப்பம்மா சாப்பிடுவே?"

"நானா? எல்லாம் முடிஞ்ச பிறகு, அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே."

"அவ அப்பா?"

"டிப்போலயே சாப்பிட்டு வந்துடுவார். வீட்டுல குழம்பு வாசனை வந்தா இவ குமட்டிக் குமட்டி எடுப்பா. அதனால இவ முன்னால யாரும் சாப்பிடுறதில்லை டீச்சர். கைக்குழந்தையிலேருந்தே அப்படித்தான்."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. தன் வீட்டில் ஒரு மனிதர் சாப்பிடுவதை அந்தக் குழந்தை பார்த்ததே திரையில்தான். திரையில் வாசனை இல்லை.

"சரி, நாளையிலேருந்து பயிற்சி உனக்குத்தான்" என்றாள் அக்கா. "அவ பக்கத்துல உக்காந்து ஒரு கேரட் தின்னு."

அது சுலபமாக இல்லை. அந்த அம்மாவுக்கு உட்கார்ந்து சாப்பிடுவதே மறந்துபோயிருந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஓசைப்படாமல் கொறித்தாள்.

"கையை எடும்மா. பொண்ணு பாக்க வந்திருக்காங்களா என்ன? சத்தமாக் கடி."

"கூச்சமா இருக்கு டீச்சர்."

"என் தலையைக் கடிக்கும்போது மட்டும் இந்தக் கூச்சம் எங்க போகுதுன்னு கேளுங்க டீச்சர்" என்றது பின்னாலிருந்து டிரைவரின் குரல்.

அம்மா ஆத்திரத்தில் ஒரு கடி கடித்தாள். குழந்தை திரும்பிப் பார்த்தது.

அதன்பின் அக்கா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கினாள். முதலில் டேப் ஒட்டிய கட்டத்துக்கு வெளியே. பிறகு திரைச்சீலை ஓரம். முகம் போய்த் தோள் மட்டும், தோளும் போய் முழங்கை மட்டும். முழங்கையும் போன அன்று குழந்தை தட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அக்கா மறுபடி முழங்கையைக் கொண்டுவந்தாள், இன்னும் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருந்தாள். பிறகு வெறும் திரைச்சீலை. நடமாட முடியாமல் அவள் படுத்துவிட்ட நாட்களில் நான்தான் போனைத் திரைச்சீலைக்கு எதிரே வைப்பேன். அக்கா அடுத்த அறையில் தலையணையில் சாய்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு பேர் மெல்லும் சத்தம் கேட்கும். சில நாள் மூன்று பேர்.

ஒருநாள் சாயங்காலம் அழைத்தோம், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தோம், எடுக்கவில்லை.

"வெளியில போயிருப்பாங்க" என்றேன்.

"சோதனை நாளைக்கு. இன்னிக்கு எங்க போவாங்க?" என்றாள் அக்கா. போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க டீச்சர், போனை அடுத்த ரூம்ல வச்சுட்டு மறந்தே போயிட்டேன். மூணு பேரும் உக்காந்து சாப்பிட்டோம், அப்படியே பேச்சுல இருந்துட்டோம்."

"முடிச்சாளா?"

"முடிச்சுட்டு அவங்கப்பா ரொட்டியைப் பிடுங்கித் தின்னுட்டா."

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் எடை பார்த்தார். அடுத்து ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்; குழாயைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அக்கா அடுத்த மாதம் இறந்தாள். அவள் பார்த்த குழந்தைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நான்தான் சொன்னேன். அந்த வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா நெடுநேரம் அழுதாள். இத்தனை நாளும் சொல்லவில்லையே என்று என்னைத் திட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"இவகிட்ட நான் என்னங்க சொல்ல? கடைசி ஒரு மாசமா ஒரு தடவைகூட இவ டீச்சரைக் கேக்கலை. எங்க போனாங்க, ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு செஞ்சாங்க. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது."

"அவ கேக்கக் கூடாதுன்னுதான் அக்கா நாற்காலியைத் தள்ளிக்கிட்டே போனா" என்றேன். "நீங்களா எடுத்துச் சொல்ல வேணாம். கேட்டா உள்ளதைச் சொல்லுங்க."

தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம் போனில் கேட்டது.

"ஸ்கூல் வண்டி வந்துடுச்சுங்க" என்றாள். "பசியோட வருவா. தட்டு எடுத்து வைக்கணும், அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனை வைத்தாள்.